கிறிஸ்துமஸ் விருந்தும் வீட்டாரின் நிம்மதியும்

டிசம்பர் மாதம் வந்தால் கிறிஸ்து பிறப்பின் செய்தியைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் நாளின் அடுக்களையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பண்டிகைச் சமையல் என்றாலே அலைச்சல், டென்ஷன், கடைசியில் முதுகுவலி என்று எடுத்துக்கொள்ள நாம் பழகிவிட்டோம். வேலை அதிகம், அதனால் களைப்பு என்று காரணமும் சொல்லிவிடுகிறோம். அந்தக் காரணம் பாதிதான் சரி என்பதே இன்று நான் சொல்ல வந்தது. வேலையின் அளவைவிட அது வந்து குவியும் விதமே நம்மை அதிகம் வாட்டுகிறது. எல்லா வேலையும் ஒரே நாளில், அதிலும் மதியத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், ஒரே ஆளின் தலையில் வந்து விழுகிறது. அந்த வேலையைப் பல நாட்களுக்கும் பல கைகளுக்கும் பிரித்துக் கொடுத்தால், அதே விருந்தை, அதே ருசியோடு, பதறாமல் வைக்கலாம். இது புதுமையான யோசனையும் இல்லை. நம்முடைய பலகாரங்களும் நம்முடைய சபை வழக்கங்களும் ஏற்கெனவே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

முதலில் அந்த நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். தென் மாவட்டங்களை எடுத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் பலவற்றில் கிறிஸ்துமஸ் ஆராதனை விடியுமுன்னே நான்கு, ஐந்து மணிக்குத் தொடங்கிவிடும். கத்தோலிக்கப் பங்குகளில் 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி. எந்தச் சபையானாலும் மறுநாள் அடுப்புக்கு முன் நிற்பவர் இரவு முழுக்கத் தூங்கியவராக இருக்க முடியாது. அதற்கு முந்தைய இரவுகளிலும் கேரல் குழு வாசலுக்கு வந்திருக்கும். வந்தவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுத்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்து வந்ததும் பிள்ளைகள் ஆப்பத்தையோ இட்லியையோ கறிக்குழம்போடு எதிர்பார்ப்பார்கள். அதற்குப் பின்னாலேயே வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் மதியச் சாப்பாடு தயாராக வேண்டும். தூக்கமில்லாத உடம்பு, நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு ஓட்டம், ஒரு மணிக்குள் இலை போட வேண்டும் என்ற கெடு. இந்த மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் உப்புக் கூடும், அடிபிடிக்கும், கோபமும் வரும். ஆகவே 25ஆம் தேதிக்கு என்று நாம் மிச்சம் வைக்கும் வேலை, அரைத்தூக்கத்தில் இருப்பவரும் தவறில்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். திட்டம் போடுவதற்கு இதுவே அடிப்படை.

அடுத்து அடுப்பைக் கணக்குப் பார்ப்போம். பல வீடுகளில் இருப்பது இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. வழக்கமான பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: மட்டன் பிரியாணி, கோழி வறுவல், கறிக்குழம்பு, கத்திரிக்காய்த் தொக்கு, அவித்த முட்டை, தயிர்ப் பச்சடி, பாயசம். ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை நான்கு மணி நேரம் கிடைக்கிறது. இரண்டு பர்னருக்கும் சேர்த்தால் எட்டு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் இந்த ஏழு பதார்த்தத்துக்கும் அது தாராளமாகவே போதும். பிறகு ஏன் திணறுகிறோம்? பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாமே சூடாக வேண்டும் என்று கேட்பதால்தான். பிரியாணி தம்மில் இருக்கிறது. ஒரு பர்னர் போயிற்று. மிச்சமிருக்கும் ஒன்றில் குழம்பைச் சூடு பண்ணுவதா, கோழி பொரிப்பதா, பாயசத்தை இறக்குவதா என்று போட்டி. ஆக, நேரப் பஞ்சம் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான். இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது: எத்தனை பர்னரோ அத்தனை பதார்த்தம்தான் கடைசி மணி நேரத்தில் ஒரே சமயத்தில் அடுப்பைக் கேட்கலாம். மற்றவை முன்பே முடிந்திருக்க வேண்டும், அல்லது ஆறினாலும் நன்றாக இருப்பவையாக இருக்க வேண்டும். பட்டியல் எழுதும்போதே ஒவ்வொன்றுக்கும் நேரே ‘கடைசி நேர அடுப்பு வேண்டுமா’ என்று குறித்துக்கொண்டால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

பண்டிகைப் பலகாரங்களைப் பார்த்தால் நம் முன்னோர் இந்த விதியை அறிந்திருந்தது புரியும். முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, கேக் எல்லாமே பல நாள் தாங்குபவை. எண்ணெயில் பொரியும்போது முறுக்கின் ஈரம் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. பழக் கேக்கில் சர்க்கரையும் உலர்பழமும் ஈரத்தைத் தம்மிடம் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்கு அது கிடைப்பதில்லை. குமரி மாவட்டத்து முந்திரிக்கொத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பாசிப்பயற்றை வறுத்துத் திரிக்கிறார்கள். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்கிறார்கள். எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, அதன்மேல் கருப்பட்டிப் பாகையோ வெல்லப் பாகையோ ஊற்றிக் கிளறுகிறார்கள். பாகு ஆறினால் கலவை இறுகி உதிர்ந்துவிடும். கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே உருட்டியாக வேண்டும். ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் பாதி உருட்டுவதற்குள் மீதி கெட்டியாகிவிடும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் சூடு ஆறுமுன் வேலை முடியும். பிறகு உருண்டைகளை மூன்று மூன்றாக மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். முன்கூட்டியே செய்ய வேண்டும், பலர் கூடிச் செய்ய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையும் அந்தப் பலகாரத்தின் செய்முறையிலேயே இருக்கின்றன.

கிறிஸ்துமஸைக் கொண்டாடும் பிற நாடுகளிலும் இதே அறிவைக் காணலாம். நம் கேக்கிலிருந்தே தொடங்குவோம். கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர், மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டதற்காக 1883இல் செய்து கொடுத்ததே இந்தியாவில் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். அந்தக் கேக் எந்த நாட்டு மாதிரியில் உருவானதோ அந்த இங்கிலாந்தில், கிறிஸ்துமஸ் புட்டிங்கை அட்வென்ட் என்னும் ஆயத்தக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்றே கிண்டி அவித்து வைத்துவிடுவது பழைய மரபு. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும், சின்னப் பிள்ளைகள் உட்பட, ஒருமுறை கரண்டியைப் பிடித்துக் கிண்ட வேண்டும். சில வாரம் கழித்துப் பண்டிகை நாளில் அதை மறுபடி ஆவியில் சூடாக்கினால் போதும். அதே இங்கிலாந்தில் பதற்றத்தைக் கொண்டுவருவது வான்கோழி. ஐந்து கிலோ எடையுள்ள உறைந்த பறவை ஃப்ரிட்ஜுக்குள் இளக இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதை மறந்தவர்கள் பண்டிகைக் காலையில் திண்டாடுகிறார்கள். மறக்காதவர்களுக்கும் இருக்கும் ஒரே ஓவனைப் பல மணி நேரம் அந்தப் பறவையே பிடித்துக்கொள்கிறது. ஜெர்மனியில் பல குடும்பங்கள் மிகப் புனிதமாகக் கருதும் 24ஆம் தேதி இரவில் உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும்தான் சாப்பிடுகின்றன. பெரிய விருந்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்கின்றன. போலந்தில் அன்று இரவு பன்னிரண்டு பதார்த்தம் வைப்பது வழக்கம். ஆனால் ஊறவைத்த ஹெர்ரிங் மீன், கசகசா இனிப்பு என்று அவற்றில் பல முன்பே செய்து ஆறவைத்தவை. ஆக, பன்னிரண்டு பதார்த்தமும் வைக்கலாம், ஒன்றிரண்டோடும் முடிக்கலாம். எது எப்போது செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே வீட்டின் நிம்மதி அமைகிறது.

நம் வீட்டுக்கு இதை எப்படிப் பொருத்துவது? திருச்சபையே நமக்கு ஒரு நாட்காட்டியைத் தந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்கிறார்கள், சி.எஸ்.ஐ. சபையார் அட்வென்ட் என்கிறார்கள். முதல் வாரத்தில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுப் பட்டியலை முடிவு செய்துவிடலாம். கேக்குக்கான பழங்களை ரம்மிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறப்போடலாம். கேஸ் சிலிண்டர் கையிருப்பைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரம் அரிசியை ஊறவைத்து மாவு திரித்துக்கொள்ளலாம். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் வெயில் அடிக்கும் நாளைப் பார்த்து முந்திக்கொள்வது நல்லது. மூன்றாம் வாரம் கேக்கும் முறுக்கும். மழை ஈரத்தில் முறுக்கு நமத்துப்போகும். நன்றாக ஆறியபின் மூடி இறுகிய டின்னில் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு பண்டிகைக்குச் சற்று முன்புதான் முடிகிறது. ஆகவே முந்திரிக்கொத்து உருட்டுவது போன்ற கூட்டு வேலையைத் தேர்வு முடிந்த மாலைக்கு வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் அதில் பங்கு கிடைக்கும். கடைசி வாரத்தில் மசாலாப் பொடி, இஞ்சி பூண்டு விழுது, பாத்திரங்களை எடுத்துக் கழுவி வைப்பது. எதற்காகவும் நாள் முழுவதும் அடுக்களையில் நிற்க வேண்டியதில்லை.

இனி விருந்தின் மையமான பிரியாணி. இருபது பேருக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ சீரகச் சம்பா அரிசி, அதே எடைக்கு ஆட்டுக்கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நேரத்தை விழுங்குவது எது? வெங்காயம் உரித்து நறுக்குவது, விழுது அரைப்பது, கறி பக்குவமாக வேகும்வரை காத்திருப்பது. மூன்றையும் 24ஆம் தேதி பகலிலேயே முடித்துவிடலாம். கறியை மசாலாவோடு முக்கால் பதம் வேகவைத்து, அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கறியைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறிய அரிசியைச் சேர்த்து, தண்ணீர் வற்றும் பதத்தில் தம் போட்டால், பன்னிரண்டரைக்கெல்லாம் இறக்கிவிடலாம். கனமான பாத்திரத்தைத் திறக்காமல் வைத்திருந்தால் அரை மணி நேரம் சூடு அப்படியே நிற்கும். கடைசி அரை மணி நேரத்துக்கு இரண்டு பர்னரும் நமக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. ஒன்றில் முந்தின இரவே மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்த கோழியைப் பொரிக்கலாம். 24ஆம் தேதி வைத்த கறிக்குழம்பைக் காலை ஆப்பத்துக்குச் சூடு பண்ணும்போது, மதியத்துக்கானதைத் தனியே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, இன்னொரு பர்னரில் கொதிக்கவிடலாம். தொக்கு முந்தின நாளே தயார். முட்டையைக் காலையிலேயே அவித்துவிடலாம். பச்சடிக்கு அடுப்பே வேண்டாம். பாயசத்துக்குப் பதில் கேக் இருக்கிறது. ஏழு பதார்த்தத்தில் ஒன்றுதான் குறைந்தது. கடைசி நேர நெரிசல் முழுவதும் போய்விட்டது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, ‘அன்றன்று செய்தால்தானே ருசி’ என்பது. பொரியல், வறுவல், ஆப்பம் போன்றவற்றுக்கு அது முழு உண்மை. அதனால்தான் அவற்றுக்கென்று கடைசி மணி நேரத்தை ஒதுக்கினோம். குழம்பு வகைக்கு அது பொருந்தாது. நிதானமாக வெந்த ஆட்டுக்கறியின் சவ்வு கரைந்து குழம்போடு சேர்கிறது. ஆறி மறுபடி சூடாகும்போது காரமும் புளிப்பும் கொழுப்பும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன. மீன்குழம்பை மறுநாள் சாப்பிட்டவர் யாரும் இதற்கு வேறு சாட்சி கேட்க மாட்டார்கள். இரண்டாவது, ‘முன்கூட்டியே செய்தால் கெட்டுப்போகாதா’ என்ற கவலை. இது நியாயமான கவலை. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சமைத்த உணவில் கிருமி வேகமாகப் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை. அந்த இடைப்பட்ட சூட்டில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாது. அதனால்தான் அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரிக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை வெதுவெதுப்பாக்கினால் போதாது, கொதிக்கவிட வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ப்பவர்கள் அதைப் பரிமாறும் நாளிலேயே சேர்க்கட்டும்.

இங்கே சோற்றைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிநீரிலும் அவை சாவதில்லை. சமைத்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழிவதில்லை. மதியம் ஒரு மணிக்கு இறக்கிய பிரியாணியை அண்டாவிலேயே மூடி வைத்து இரவு எட்டு மணிக்கு வரும் விருந்தாளிக்குப் பரிமாறுவது நம்மிடம் சாதாரணமாக நடக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் அது ஆபத்து. பந்தி முடிந்ததும் மிச்சத்தைத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், எல்லாவற்றையும் அன்றே சமைத்து மாலைவரை வெளியே வைத்திருப்பதைவிட, முறைப்படி முந்தின நாளே செய்து குளிரவைப்பது பாதுகாப்பானது.

மூன்றாவது மறுப்பு கௌரவம் பற்றியது. ‘நாலு வகை குறைந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்’ என்கிறார்கள். விருந்தோம்பலைத் தமிழர்கள் எவ்வளவு உயர்வாக வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸில் நம் தாராளம் எங்கே வெளிப்படுகிறது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். பக்கத்து இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் தட்டு நிறையப் பலகாரம் அனுப்புகிறோமே, அதில்தான் இருக்கிறது. அந்தத் தட்டு முழுவதும் முன்கூட்டியே செய்த பண்டங்களால் ஆனது. இலையில் இன்னும் இரண்டு வகை கூடுவதைவிட, வந்தவரோடு வீட்டார் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதையே விருந்தாளி நினைவில் வைத்திருப்பார். இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, ‘எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிட்டால் என்ன’ என்பது. வாங்குவதில் குறையொன்றும் இல்லை. தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்துபார்க்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. நல்ல பேக்கரியில் வாங்குகிறோம், அது நாள் தாங்கவும் செய்கிறது. ஆனால் முழு விருந்தையும் வெளியே சொல்லிவிட்டால், அடுப்பின் பதற்றம் போய், சாப்பாடு வந்து சேருமா என்ற பதற்றம் வரும். செலவும் எல்லாக் குடும்பத்துக்கும் தாங்காது. ஒன்றிரண்டை வாங்கிக்கொண்டு மற்றதை வீட்டில் பகிர்ந்து செய்வதே பெரும்பாலோருக்கு ஏற்றது.

பகிர்வது என்றேன். இதுவரை நாட்களைப் பிரித்தோம். இனிக் கைகளைப் பிரிக்க வேண்டும். 2019இல் மத்திய அரசு நாடு முழுவதும் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டாருக்காகச் சம்பளமில்லாமல் செய்யும் வீட்டு வேலையை அளந்தது. அதில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களே பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம்தான். இது சாதாரண நாளின் நிலவரம். பண்டிகை நாளின் கூடுதல் சுமை யார் மேல் விழும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். ‘நான் கூடமாட உதவுகிறேனே’ என்று ஆண்கள் சொல்வதுண்டு. உதவி என்னும்போது, எது எப்போது வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாரம் அம்மாவிடமே தங்கிவிடுகிறது. வெங்காயம் நறுக்கியவர் ‘அடுத்து என்ன’ என்று கேட்டு நிற்கிறார். ஒரு வேலையை முழுமையாக ஒப்படைப்பதே உண்மையான பகிர்வு. காலைச் சாப்பாடு ஒருவர் பொறுப்பு என்றால், மாவு வாங்குவதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை அவருடையது. வாசலுக்கு வருகிறவர்களைக் கவனிப்பது இன்னொருவர் பொறுப்பு. மிச்சத்தை ஆறவைத்து எடுத்து வைப்பது மூன்றாமவர் பொறுப்பு.

‘பெண்கள் விரும்பித்தானே செய்கிறார்கள்’ என்று சிலர் கேட்பார்கள். பலர் விரும்பித்தான் செய்கிறார்கள். சமைத்துப் போடுவதில் இருக்கும் நிறைவை நான் மறுக்கவில்லை. வேதாகமமே இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் பெத்தானியா ஊர் மார்த்தாள் இயேசுவை வீட்டுக்கு அழைத்து விருந்து செய்கிறாள். வேலையில் திணறி அவரிடமே முறையிடுகிறாள். அவள் முறையிடுவது வேலையைப் பற்றி அன்று. தன்னைத் தனியே விட்டுவிட்டாள் என்று சகோதரியைப் பற்றி. யோவான் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் அதே பெத்தானியாவில் இன்னொரு விருந்து. அங்கும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். அவள் முறையிடவும் இல்லை, அவளை யாரும் கண்டிக்கவும் இல்லை. பரிமாறுவது தாழ்ந்த வேலை என்று வேதாகமம் சொல்லவில்லை. பல கவலைகளைத் தனியே சுமந்து, வந்த விருந்தாளியோடு இருக்கவே முடியாமல் போவதுதான் இழப்பு என்று நான் அதைப் படிக்கிறேன்.

வேலையைப் பிரித்தால் ஒழுங்கு கெட்டுப்போகும், ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பக்குவம் தெரியாது என்பது கடைசி மறுப்பு. இதற்குப் பதிலைத் தேடித் தூரம் போக வேண்டாம். தென் மாவட்டச் சபைகளில் நடக்கும் அசனத்தை எண்ணிப் பாருங்கள். ஊர் முழுக்க ஒரே பந்தியில் சாப்பிடும் அந்த விருந்துக்குச் சபையாரே கூடிக் காய் நறுக்குகிறார்கள். ஆண்கள் அண்டாவில் சோறு வடிக்கிறார்கள். இளைஞர்கள் வாளி தூக்கிப் பரிமாறுகிறார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு நடக்கும் அந்தச் சமையலில் எந்த ஒருவரும் தனியே நின்று திணறுவதில்லை. கோவில் வளாகத்தில் அண்டாவைக் கிளறத் தெரிந்த கைக்கு வீட்டு அடுப்பில் இருபது பேருக்குச் சமைக்கத் தெரியாமல் போகாது. முதல் ஆண்டு முறுக்கு கோணலாக வரலாம். உப்பு முன்னே பின்னே இருக்கலாம். அடுத்த ஆண்டு சரியாகிவிடும்.

ஆகவே இந்த ஆண்டு விருந்துப் பட்டியல் எழுத உட்காரும்போது குடும்பமாக உட்காருங்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நேரே எந்த நாள், கடைசி நேர அடுப்பு வேண்டுமா, யார் பொறுப்பு என்று மூன்றை எழுதுங்கள். ஒரே நாள் அடிக்கடி வந்தால் பட்டியலைத் திருத்துங்கள். ஒரே பெயர் அடிக்கடி வந்தால் குடும்ப வழக்கத்தைத் திருத்துங்கள். திட்டம் சரியாக இருந்ததா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை போதும்: சமைத்தவர் முதல் பந்தியிலேயே மற்றவர்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டாரா? ஆம் என்றால் அது நல்ல கிறிஸ்துமஸ் விருந்து. அப்படிப்பட்ட விருந்து உங்கள் எல்லோர் வீட்டிலும் அமையட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.